வழக்குச் சொத்து எண் 318

ஆறு வயதுப் பெண் குழந்தையின் இடது கால் கறுப்பு ஷூ ஒன்று, போலீஸின் வழக்குச் சொத்து அறையில் இருந்தபடியே வருடத்துக்கு அரை சென்டிமீட்டர் வளர்ந்தது. பதினேழரையாக இருந்தது முதல் வருடத் தணிக்கையில் பதினெட்டு ஆனபோது, முன்பு அளந்தவருக்குக் கவனக்குறைவு என்று மெமோ கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் ஸ்கேல் மேல் சந்தேகப்பட்டுப் புது ஸ்கேல் வாங்கினார்கள். மூன்றாம் வருடம் ஷூ சீல் வைத்த உறையைக் கிழித்துக்கொண்டு மூக்கை நீட்டியது. அறைப் பொறுப்பாளர் அம்மா அதைப் பெரிய உறையில் போட்டு, மறுபடி சீல் வைத்து, பதிவேட்டில் ‘இயல்பான வளர்ச்சி’ என்று எழுதினார். அதோடு விஷயம் முடிந்தது. துருப்பிடிக்கிற கத்தியும் உறைக்குள்ளேயே வற்றிப்போகிற சாராயமும் கிடக்கிற இடத்தில், கூடுகிற பொருள் ஒன்றாவது இருக்கிறதே என்று அவர்களுக்கு ஒரு நிம்மதி.

அந்த ஷூவின் கயிற்றுக்கு இரட்டை முடிச்சுப் போட்டது குழந்தையின் அப்பா. அவர் ஆர்க்கிடெக்ட், தீயணைப்பு நிலையங்கள் கட்டுவதில் பேர் போனவர். மணி அடித்து வண்டி தெருவில் இறங்க அதுவரை ஒன்றரை நிமிஷம் ஆகிக்கொண்டிருந்தது. அவர் படுக்கை அறைகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார், வளைவில்லாத நடைவழி போட்டார், கதவைப் பக்கவாட்டில் மடியவைத்தார், பூட்ஸையும் கால்சட்டையையும் வண்டிக்குப் பக்கத்திலேயே மாட்ட இடம் செய்தார். ஐம்பத்திரண்டு செகண்ட் வந்தது. மனிதருக்கு அது போதவில்லை. வண்டிக்கூடத்துக்கும் தெருவுக்கும் நடுவே முப்பது அடி வெறும் தளம் விட வேண்டும் என்பது வழக்கம். ஒரு நிலையத்தில் சிறப்பு அனுமதி வாங்கி அதைப் பத்து அடியாக வெட்டினார். நாற்பத்தெட்டு ஆனது. நாலு செகண்டில் ஓர் உயிர் என்று மேடையில் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த நிலையம் திறந்த முதல் வாரம், வண்டி பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்த மகளைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் அவிழ்ந்த கயிற்றைக் குனிந்து கட்டிவிட்டு, இங்கேயே நில்லு, இதோ வந்துட்டேன் என்று சொல்லி, கதவு உராய்கிறதைப் பற்றி அதிகாரியிடம் பேச உள்ளே போனார். குழந்தை அங்கேயே நின்றது. எங்கேயோ ஒரு குப்பைத் தொட்டி பற்றிக்கொண்டதற்கு மணி அடித்தது. ஓட்டுநர் பக்கச் சுவரைத் தாண்டிப் பார்ப்பதற்குள் பத்து அடி தீர்ந்துபோனது.

ஓட்டுநர் மேல் வழக்குப் போட்டு, வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வரைபடத்தைக் கூண்டில் ஏற்றும் பழக்கம் யாருக்கும் இல்லை. அதற்குப் பிறகு வரைந்த எல்லா நிலையத்திலும் ஆர்க்கிடெக்ட் முப்பது அடி விட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், வண்டி கழுவ இடம் வேண்டும் என்றார்.

ஐந்தாம் வருடம், பழைய வழக்குச் சொத்து அறை ஒழுகுகிறது என்று போலீஸ் அவரிடமே புதியது கேட்டது. எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கெடுக்கப் போனபோது, 318 மட்டும் பிடிகொடுக்க மாட்டேங்குது சார், வளருது என்றார் பொறுப்பாளர் அம்மா. உறையின் கண்ணாடிக் காகிதம் வழியாக ஆர்க்கிடெக்ட் தன்னுடைய இரட்டை முடிச்சைப் பார்த்தார். இருபது சென்டிமீட்டர். பதினொரு வயதுப் பிள்ளைக்கு அவ்வளவுதான் இருக்கும். வழக்கு முடிகிறவரை தொடக்கூடாது என்பதால் தொடவில்லை. அங்கேயே ஓர் இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த அம்மா ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

புது அறை அருமையாக வந்தது. தெருப்பக்கம் போலீஸ்காரர் பொருளை வைத்து மூடினால் அவராலேயே மறுபடி திறக்க முடியாத, உள்பக்கம் பொறுப்பாளர் மட்டும் திறக்கிற இருபுறப் பெட்டிகள். ஈரத் துணி உலர்த்தத் தனி அறை. சக்கரத்தில் தள்ளி நகர்த்துகிற அலமாரிகள். 318க்கு மட்டும் தடுப்பு நகர்கிற இழுப்பறை. வேலை முடிந்தும் ஒவ்வொரு தணிக்கைக்கும் போய் நின்றார். வீடு திரும்பினால் மனைவி கதவைத் திறந்ததும் கேட்பது ஒரே கேள்வி: எவ்வளவு? இருபத்தொன்று. இருபத்திரண்டு. மனைவி அந்த அளவைத் தரையில் விரலால் அளந்து பார்த்துவிட்டுச் சோறு போடுவார்.

இதற்கிடையில் வழக்கு வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. வெட்கக்கேடுதான், ஆனாலும் சொல்ல வேண்டும்: ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் மனசுக்குள் சந்தோஷப்பட்டார். வழக்கு முடிந்தால் ஷூ வெளியே வந்துவிடும். வெளியே வந்தால் வளருமா என்று கேட்டதற்கு, எனக்கென்ன சார் தெரியும், இங்க இருக்கறவரைக்கும்தான் என் பொறுப்பு என்றார் பொறுப்பாளர் அம்மா. நாலு செகண்ட் கதையை நீதிபதியிடம் சொன்னால் வழக்கு ஒரே நாளில் முடியும் என்பது ஆர்க்கிடெக்ட்டுக்கு நன்றாகத் தெரியும். பதிமூன்று வருடம் சொல்லவில்லை.

ஓட்டுநர் எல்லா வாய்தாவுக்கும் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். சட்டை இருக்க இருக்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது. பதிமூன்றாம் வருடம் படிக்கட்டில் மெதுவாகக் கேட்டார்: “பாப்பாவுக்கு இப்ப என்ன அளவு சார்?”

“இருபத்தி நாலு.”

“வளர்ந்துட்டா.” ஓட்டுநர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். “அன்னையிலேருந்து நான் எந்த ரோட்டையும் குறுக்க தாண்டினதில்ல சார். எவ்வளவு தூரமானாலும் சுத்திக்கிட்டுத்தான் போறேன். நான் பாத்துதான் ஓட்டினேன். பாத்தேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.”

அன்றைக்கு ஆர்க்கிடெக்ட் வீட்டுக்குப் போய்ப் பழைய வரைபடத்தைத் தரையில் விரித்து, மனைவியை உட்காரவைத்து, முப்பதையும் பத்தையும் காட்டினார். ஓட்டுநருக்குப் பார்க்க இடமே இல்லை, அந்த இடத்தைத் தின்றது நான்தான் என்றார். இதைச் சொன்னால் ஷூ வளர்வது நின்றுபோகலாம் என்பதையும் சொன்னார்.

மனைவி அந்தப் பத்து அடியின் மேல் விரலை வைத்தார். “இங்கேயே நில்லுன்னு சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“நின்னிருக்கா,” என்றார். வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்து, “போய்ச் சொல்லிட்டு வாங்க” என்றார்.

சொன்னார். ஓட்டுநரை விடுவித்தார்கள், ஆர்க்கிடெக்ட்டின் உரிமத்தை ரத்து செய்தார்கள், அந்த நிலையத்தின் வண்டிக்கூடத்தை இடித்து இருபது அடி பின்னால் தள்ளினார்கள். மறுபடி ஐம்பத்திரண்டு செகண்ட் ஆனது. அந்த நாலு செகண்டால் இன்றுவரை ஒருவரும் சாகவில்லை. ஓட்டுநர் நீதிமன்ற வாசலிலிருந்து, பழக்கதோஷத்தில் ரோட்டைச் சுற்றிக்கொண்டே போனார்.

318ஐக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பொறுப்பாளர் அம்மா கடைசியாக ஒருமுறை அளந்து இருபத்து நாலு என்று எழுதி, காலியான இழுப்பறையின் தடுப்பை நகர்த்தாமல் மூடினார். ஆர்க்கிடெக்ட் பதிமூன்று வருடத்துக்குப் பிறகு அதைத் தொட்டார். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மனைவி அதை வாங்கி, தன் செருப்புக்குப் பக்கத்தில் வாசலோரம் வைத்தார். முடிச்சை இரண்டு பேருமே அவிழ்க்கவில்லை.

அடுத்த வருடம் அதே தேதியில் அவர் ஸ்கேலை எடுத்து உட்கார்ந்தார். இருபத்து நாலு. திருப்பிப் போட்டு அளந்தார், அப்போதும் இருபத்து நாலுதான். நான்தான் நிறுத்திட்டேன் என்றார்.

மனைவி பக்கத்தில் குந்தி, ஷூவைத் தன் பாதத்தோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

“அவளுக்கு இருபது வயசாகுதுங்க,” என்றார். “இனிமே கால் வளராது.”

பிறகு எழுந்து, ஷூவை ஒரு பக்கமாக நகர்த்தி வாசலைப் பெருக்கிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தார்.