ஆறுதல், இருபது பிரதிகள்

"எரியுற வீட்ல புடுங்குனது லாபமா உங்களுக்கு?"

பட்டறை வாசலில் நின்று கத்தியவர் ஒரு பஸ் டிரைவர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார் அந்த அம்மா. தெரிந்தவர் வீட்டுச் சுவரில் தான் அழுகிற படத்தைப் பார்த்துவிட்டு, யார் போட்டது என்று விசாரித்து, நேரே எங்களிடம் வந்துவிட்டார்.

படம் அக்கா வரைந்தது. மாமாவின் மருந்துக்காக ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது, எதிர் பெஞ்சில் ஒரு பெண் இன்னொரு பெண்ணின் தோளில் விழுந்து அழுததைப் பார்த்து வரைந்தாள். அதை மரக்கட்டையில் செதுக்கி அச்செடுத்தவன் நான். 'ஆறுதல்' என்று பெயர் வைத்தோம். இருபது பிரதிகள் மட்டும். அத்தனையும் விற்றுவிட்டன. வாங்க வந்தவர்கள் படத்தின் முன்னால் நின்று ஆளுக்கொரு துக்கத்தைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

"என் தம்பி செத்த அன்னைக்குங்க அது," என்றார் டிரைவர். "அத கண்டவங்க எல்லாம் சோபாவுக்கு மேல மாட்டி வச்சிருக்காங்க."

அக்கா என்னைத்தான் பார்த்தாள். நானும் தம்பிதானே.

"கேக்காம வரைஞ்சது என் தப்புங்க," என்றாள். "வித்தத திரும்ப வாங்க முடியாது. கட்டைய வேணா நீங்களே வெட்டிடுங்க."

எனக்குப் பகீரென்றது. சொன்ன எண்ணிக்கை முடிந்ததும் மேற்கொண்டு யாரும் அச்செடுக்க முடியாதபடி கட்டையில் படத்தின் குறுக்கே உளியால் வெட்டிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம்தான். வெட்டியதற்குச் சாட்சியாக அதிலிருந்து ஒரே ஒரு பிரதி எடுத்து வைப்போம். அதற்காக என் உளியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதா? அக்கா முறைத்த முறைப்பில் கொடுத்துத் தொலைத்தேன்.

டிரைவர் தன் முகத்தின் மேலேயே உளியை வைத்தார். ஸ்டீயரிங் பிடித்த கை, ஆழமாகவே இறங்கியது. நெற்றி, கண், வாய் எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. தோள் கொடுத்தவளின் கன்னத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

"இவங்கள வெட்ட மாட்டேன். யாருன்னே தெரியாது. சாஞ்சேன், புடிச்சிக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

பாதியில் விட்டால் அது வெட்டே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா மை டப்பாவை என் பக்கம் தள்ளினாள். உருளையால் மை தடவி, தாளை விரித்து அழுத்தி எடுத்தேன். வெட்டிய இடத்தில் மை ஏறாது. டிரைவரின் முகம் இருந்த இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. தாளில் மிச்சமிருந்தது அந்த இன்னொரு பெண்ணின் முகம் மட்டும்.

மூவரும் குனிந்து பார்த்தோம். இதுவரை யாரும் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. எல்லோர் கண்ணும் அழுகிறவளிடமே போயிருந்தது. அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். இமைகள் வீங்கியிருந்தன. அத்தனையையும் செதுக்கியது என் கைதான், ஆறுதல் சொல்கிற முகம் என்று நினைத்துக்கொண்டு.

டிரைவரின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஈர மையில் படாமல் விரலை அந்த முகத்தருகே கொண்டுபோனார்.

"ஐயோ, இவங்களும் அழுதிருக்காங்க," என்றார். "இவங்களுக்கு யாரு போனாங்கன்னு நான் கேக்கவே இல்லையே."