கைத்தட்டல்: ஹோலிஸ் க்ரம்ப்ட்டன்

டீக்கன் ஹோலிஸ் க்ரம்ப்ட்டனின் முன்பற்கள் இரண்டும் காணிக்கைத் தட்டில் விழுந்தன. அடித்த கை அப்போது இங்கிலாந்தில் இருந்தது. டெட்ராய்ட்டில் ஜாய் ரோட்டுச் சபையில் ஞாயிறு ஆராதனை நடந்துகொண்டிருந்தது. எண்பத்தொரு வயது டீக்கன் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாகத் தட்டை நீட்டிக்கொண்டு வந்தார். நாலாவது வரிசையில் பளார் என்று ஒரு சத்தம். பாடகர் குழு பாட்டை நிறுத்தியது. டீக்கனின் தலை இடப்பக்கம் திரும்பி நின்றது, வாயிலிருந்து ரத்தம் கையுறையில் சொட்டியது, டாலர் நோட்டுகளுக்கு நடுவில் பல் கிடந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. மறுநாள் பார்த்த டாக்டர் வலது கன்னத்தில் நாலு விரலும் ஒரு மோதிரமும் பதிந்திருப்பதைக் கண்டார். அடித்தது யார் என்று கேட்டார், யாரும் இல்லை என்றார்கள். கிழவர் தடுக்கி விழுந்தார் என்று எழுதிக் கொடுத்தார். டாக்டர்களுக்கு ஒன்று விளங்காவிட்டால் எல்லாரும் தடுக்கித்தான் விழுவார்கள்.

அதே நேரத்தில், டெக்ஸ்டர் அவென்யூவுக்குப் பக்கத்துத் தெருவில், ஆர்லீதா ஸ்பைக்ஸ் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் ஏதோ ஒரு திருகாணியை யாரோ அரைச் சுற்று முறுக்கினது போல இருந்தது அவளுக்கு. வலிக்கவில்லை. ஐம்பத்தெட்டு வருஷமாக ஆடிக்கொண்டிருந்த ஒன்று கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். அவள் கிழங்கை உரித்து முடித்தாள்.

ஐம்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு வயது பத்தொன்பது. அவளும் கோஸெட்டும் வில்மா ஜீனும் சேர்ந்து வெர்பீனாஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு பாடினார்கள். மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மஞ்சள் கவுன், ஒரே மாதிரி டோப்பா. ஹோலிஸ்தான் மேனேஜர். நல்ல சூட்டு போடுவான், நல்ல கார் வைத்திருந்தான், கை நீளம். பாட்டில் ஒரு சொல் தவறினால் ஒரு அறை, மேடையில் சிரிக்க மறந்தால் ஒரு அறை. ஒருமுறை கோஸெட் எதிர்த்துப் பேசினாள் என்று கார் கதவை அவள் விரல்மேல் சாத்தி, பூட்டிவிட்டு, சிகரெட் வாங்கப் போனான். இதெல்லாம் ஊருக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊருக்குத் தெரியும். பாட்டு நன்றாக இருந்தது, அதனால் சும்மா இருந்தார்கள்.

‘தொப்பியை எடுத்துக்கோ’ என்ற பாட்டை லின்வுட் சாலையில் ஒரு சலவைக்கடைக்குப் பின்னால் இருந்த அறையில் பதிவு செய்தார்கள். மூன்று பெண்களுக்கும் ஒரே மைக். ஹோலிஸ் ஆர்லீதாவின் வலப்பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். இரண்டாவது சரணம் முடிகிற இடத்தில் அவன் சொன்னதைவிட ஒரு மூச்சு அதிகமாக அவள் இழுத்தாள். தொண்டை அங்கே போகச் சொன்னது, போனாள். டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் மோதிரக் கையால் அறைந்தான். தலை இடப்பக்கம் திரும்பியது, மைக்கில் ரத்தம் தெறித்தது, அவள் பாட்டை விடவில்லை. விட்டால் முதலிலிருந்து பாட வேண்டும், அதற்கு இன்னொரு அறை. மற்ற இரண்டு பேரும் விடவில்லை. தாளத்தில் நாலு முடிந்து அடுத்த ஒன்று வருவதற்குள் உள்ள சின்ன இடைவெளியில் அந்தச் சத்தம் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. டேப்பைத் திரும்பப் போட்டுக் கேட்டார் ஸ்டுடியோ முதலாளி. “அந்தத் தட்டு இருக்கே, அதாம்ப்பா பாட்டே! யாரு தட்டினது?” என்றார். “நான்தான்,” என்றான் ஹோலிஸ். இசைத்தட்டின் அட்டையில், பின்பக்கம், அவன் கேட்டபடியே அச்சடித்தார்கள்: கைத்தட்டல், ஹோலிஸ் க்ரம்ப்ட்டன்.

அதற்குப் பிறகு எந்த மேடையில் பாடினாலும் அந்த இடம் வந்ததும் ஆர்லீதாவின் தலை தானாக இடப்பக்கம் வெட்டித் திரும்பியது. கூட்டம் அதை ஆட்டம் என்று நினைத்தது. அந்தக் கோடைக்குள் நகரத்துப் பெண்கள் எல்லாரும் அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டித் தலையை வெட்டினார்கள். வெர்பீனா திருப்பு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. இன்றைக்கும் கல்யாணத்திலும், கொல்லைப்புறத்தில் இறைச்சி சுடுகிற ஞாயிற்றுக்கிழமைகளிலும், இடுப்பு பெருத்த மாமிகளும் நடை பழகாத குழந்தைகளும் ஒருசேரத் தட்டித் தலையைத் திருப்புவார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் குழு உடைந்தது. வில்மா ஜீன் சர்க்கரை வியாதியில் போனாள். கோஸெட் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போனாள். ஆர்லீதா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அந்தப் பாட்டை மட்டும் அவள் பாடவில்லை, வீட்டில் வைக்கவும் இல்லை. பஸ்ஸில் எந்தப் பிள்ளையாவது அதைச் சீட்டியடித்தால், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கழுத்து வெட்டும், சாலை கண்ணிலிருந்து போய்விடும். சாவதற்குள் ஒரு தடவை அந்தப் பாட்டை நேரே பார்த்துப் பாடி முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் வாழ்க்கையில் பாக்கி.

ஹோலிஸுக்குக் கர்த்தர் கிடைத்தார். கர்த்தருக்கும் வேறு வழியில்லை போல. சபையில் டீக்கன் ஆனார், மரியாதை வந்தது. ஐம்பது வருஷமாக வலது கன்னத்தைச் சொறிந்துகொண்டே இருப்பார், அந்த இடம் கறுத்துக் காய்த்துப்போயிருந்தது. பழைய இசைத்தட்டில் அந்தச் சத்தம் டாம்பரின் என்ற சலங்கைத் தப்பட்டையின் சத்தத்துக்கு அடியில் புதைந்து கிடந்ததால் எங்கேயாவது யாராவது பாட்டை வைத்தால் கொசு கடித்த அளவுக்குத்தான் வந்து சேர்ந்தது.

லண்டனிலிருந்து டங்கன் என்ற மெலிந்த வெள்ளைக்காரன் வந்து அதைக் கெடுத்தான். பழைய ஸோல் பாட்டு இசைத்தட்டுகளைத் தேடிப்பிடித்துத் திரும்ப அச்சடிக்கிறவன். சலவைக்கடையின் பரணில் மூல டேப்பைக் கண்டுபிடித்து, தூசி தட்டி, குளிப்பாட்டி, ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியே துடைத்து வைத்தான். அந்தக் கைத்தட்டல் சத்தம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது, முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். புதிய இசைத்தட்டு கடைக்குப் போன வாரத்தில்தான் டீக்கனின் பல் போனது. அட்டையில் பேர் இருந்ததால் அடிக்கு வழி தவறவே இல்லை.

பிறகு அது வாடிக்கை ஆனது. மீன்கடையில் பொரித்த பெர்ச் மீனை வாயில் வைக்கும்போது ஒன்று, முள் அண்ணத்தில் குத்திக்கொண்டது. முடிவெட்டும் நாற்காலியில் ஒன்று, கத்தி காதோரம் இறங்கி ஏழு தையல். இராப்போஜனக் கிண்ணத்தோடு ஒன்று. ஜப்பானில் இசைத்தட்டு விற்பனைக்கு வந்த வாரம் தூக்கமே இல்லை. ஹாக்கி விளையாடுகிறவர்கள் போடுகிற ஹெல்மெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டார். அடி ஹெல்மெட்டுக்கு உள்ளே விழுந்தது. சபையார் இரண்டு வாரம் ஜெபித்தார்கள், மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள். பக்கத்தில் உட்காருகிறவர்கள் மட்டும் ரத்தம் தெறிக்குமே என்று மேல்கோட்டைக் கழற்றாமல் இருந்தார்கள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது கோஸெட். முடிவெட்டும் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு ஆர்லீதாவுக்குப் போன் போட்டாள். டங்கன் அனுப்பியிருந்த தட்டை வைக்கச் சொன்னாள். ஆர்லீதா உறையை முதல்முறையாகப் பிரித்து, சுழலும் தட்டில் முள்ளை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டாள். முடிவெட்டும் கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டீக்கன் நாற்காலியோடு சுழன்றார்.

“இன்னொரு தடவ வைடி,” என்றாள் கோஸெட். வைத்தாள். “இன்னும் ஒண்ணு.”

“தெரிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு?”

“அது கார் கதவுக்கு.”

ஒவ்வொரு அடிக்கும் ஆர்லீதாவின் கழுத்து அரைச் சுற்று இறுகிக்கொண்டு வந்தது. அக்டோபருக்குள் அவள் வீட்டில் தனியாகப் பாடிப் பார்த்து, பாட்டின் முதல் சரணத்தைத் தாண்டி, இரண்டாவதின் விளிம்புவரை வந்துவிட்டாள். தலை வெட்டியது, ஆனால் பாதிதான். அந்த நேரம் டங்கன் கூப்பிட்டான். பழைய நடன மண்டபத்தில் வெளியீட்டு விழா வைக்கிறான், அவள் பாட வேண்டும். கூடவே, டீக்கன் வக்கீல் வைத்து எழுதியிருக்கிறார், இரண்டாம் பதிப்பில் அந்தச் சத்தத்தை எடுத்துவிட வேண்டுமாம், என்ன செய்யட்டும் என்று கேட்டான். எடுத்தால் கிழவர் பிழைப்பார், அவள் கழுத்து பழையபடி ஆகிவிடும். வைத்தால் கிழவர் குளிர்காலம் தாண்ட மாட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

ஹோலிஸ் நேரிலேயே வந்தார். ஹெல்மெட் கையிடுக்கில். கண் ஒன்று வீங்கி மூடியிருந்தது. அடுப்பில் கீரையும் பன்றிக் கணுக்காலும் கொதித்துக்கொண்டிருந்தது, கோஸெட் மேசையில் இருந்தாள்.

“சிஸ்டர் ஆர்லீதா...”

“சிஸ்டர் கிஸ்டரெல்லாம் சபையோட வச்சுக்கோ. உக்காரு.”

“அந்த வெள்ளக்காரன்கிட்ட சொல்லி அந்தக் கைத்தட்டல எடுக்கச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பான்.”

“அதுல கைத்தட்டலே இல்லையே, ஹோலிஸ்.”

“அவருக்குக் காது மந்தம்டி,” என்றாள் கோஸெட். “தினம் எத்தன வாங்குறாரு.”

ஆர்லீதா கோபப்படவில்லை. “ஞாயித்துக்கிழம சபையில எந்திரிச்சு நின்னு அது என்ன சத்தம்னு உன் வாயால சொல்லு. ஒரே ஒரு வார்த்த. திங்கக்கிழம காலையில எடுத்துரச் சொல்றேன். என் கழுத்து எப்படியோ போகட்டும்.”

அந்த நேரம் பார்த்து ஒரு அடி வந்தது, கிழவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “அடிய வாங்கிக்கிறேன்,” என்றார். “அந்த வார்த்த மட்டும் வேணாம். அங்க எனக்குன்னு ஒரு பேரு இருக்கு.”

“பேரு அட்டையிலயும்தான் இருக்கு. ஒரு எழுத்து விடாமப் போட்டிருக்கான்,” என்று சிரித்தாள் கோஸெட்.

அந்தச் சிரிப்பு அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்தார். பழக்கம் விடவில்லை, வலது கை தோளுக்கு மேலே போனது, ஆர்லீதாவை நோக்கி. எங்கேயோ யாரோ முள்ளை வைத்திருக்க வேண்டும். இறங்குவதற்குள் அவருக்கு விழுந்தது. அடுப்பில் போய் மோதினார், காறையெலும்பு முறிந்த சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது, கீரைச் சட்டி அவர்மேல் கவிழ்ந்து முன்கைத் தோல் உரிந்தது. கோஸெட் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள், அவசரப்படாமல். அவர்கள் வந்து தூக்கிக்கொண்டு போன பிறகுதான் ஆர்லீதா கவனித்தாள்: கை ஓங்கினபோது அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை எங்கேயும் போகவில்லை.

டங்கனுக்குச் சொல்லிவிட்டாள். சத்தம் இருக்கட்டும், பேர் இருக்கட்டும், பேருக்கு முன்னால் இருக்கும் ஒரு சொல்லை மட்டும் மாற்று. இரண்டாம் பதிப்பு அப்படித்தான் வந்தது: அறை, ஹோலிஸ் க்ரம்ப்ட்டன். ஊர் அதைப் படித்தது. அந்தக் காலத்தில் இதெல்லாம் சகஜம்தானே என்று சில ஆண்கள் சொன்னார்கள். அவர்கள் பெண்டாட்டிகளில் ஐந்தாறு பேர் தனித்தனியாக ஆர்லீதா வீட்டுக்கு வந்து, தங்கள் வீட்டுக்காரர் பேரையும் அட்டையில் எங்கேயாவது சேர்க்க முடியுமா, பின்னணிக் குரல் என்றாவது போட முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

விழா ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்த கையோடு. ஹோலிஸ் வந்தார். வராவிட்டால் ஒப்புக்கொண்டது ஆகிவிடும். வெள்ளை சூட்டு, தூளியில் கட்டிய கை, ஹெல்மெட் இல்லை, முன்வரிசை நடு நாற்காலி. இரண்டு பக்கமும் நாலு நாலு நாற்காலி காலி. ஆர்லீதாவும் கோஸெட்டும் மஞ்சள் உடுப்பில் வந்து நின்றார்கள், மூன்றாவது ஆளுக்கு இடம் விட்டு. முதல் சரணம் போனது. கூட்டம் எழுந்து ஆடியது. இரண்டாவது சரணத்தின் கடைசி அடியை அவள் அன்றைக்கு இழுத்த அளவுக்கே இழுத்தாள், இன்னும் ஒரு மூச்சு அதிகமாகவும் இழுத்தாள். தாளத்தில் நாலு விழுந்தது. அறுநூறு பேர் கை தூக்கினார்கள், அட்டையைப் படித்தவர்கள், கை அப்படியே அந்தரத்தில் நின்றது. யாரும் தட்டவில்லை. பழக்கதோஷத்தில் தலை மட்டும் எல்லாருக்கும் இடப்பக்கம் திரும்பியது. மண்டபத்தில் ஒரே ஒரு தலை நேராக இருந்தது. ஆர்லீதா ஹோலிஸைப் பார்த்துக்கொண்டே மைக்கை விட்டுவிட்டு, இரண்டு கையையும் கொண்டுவந்து ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்தக் கை இங்கிலாந்தில் இல்லை, பதினைந்தடி தூரத்தில் இருந்தது. நாற்காலி பின்னால் சாய்ந்து உடைந்தது. தாடை இரண்டு இடத்தில் போனது. டிரம்ஸ்காரன் அடுத்த ஒன்றை விடாமல் பிடித்தான், அவள் மூன்றாவது சரணத்துக்குப் போனாள், பாட்டை முடித்தாள், நேரே பார்த்துக்கொண்டே. பிறகு கூட்டம் தட்டியதே, அதில் பாதிப் பேர் பாட்டுக்குத் தட்டவில்லை, ஹோலிஸுக்காகவும் தட்டவில்லை, அவரவர் வீட்டு ஆளை நினைத்துத் தட்டினார்கள்.

தாடையில் கம்பி போட்டு ஹோலிஸ் டிசம்பர்வரை இருந்தார். கம்பி போட்ட வாயால் அந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இரண்டாம் பதிப்பைப் பலபேர் கிறிஸ்துமஸ் பரிசுக்கு வாங்கியிருந்தார்கள். கிறிஸ்துமஸ் காலையில் அங்கங்கே பொட்டலங்களைப் பிரித்தார்கள், பிரித்ததும் போட்டுக் கேட்டார்கள். அவர் காப்பிக் கோப்பையை எடுத்தார், கீழே வைக்கவில்லை. உடம்பைக் கழுவினவர்கள் கழுத்தை நேராக்கப் பார்த்துவிட்டு, முடியாமல் பெட்டியின் இடப்பக்கம் ஒரு தலையணை வைத்தார்கள். அடக்கம் முடிந்து சபையில் போட்ட சாப்பாட்டுக்கு ஆர்லீதா சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்துச் சுட்ட பை பலகாரம் ஒன்று அனுப்பினாள். நன்றாக இருந்தது, மிச்சம் வரவில்லை.

கல்லறைக் கல்லைக் கிரானைட்டில் வைத்தார்கள். வைத்த வாரமே இடப்பக்கம் சாய்ந்தது. கல்லறைத் தோட்டத்து ஆட்கள் திங்கட்கிழமை தோறும் கடப்பாரை போட்டு நிமிர்த்தினார்கள், சனி ஞாயிறில் ஜனங்கள் பாட்டுக் கேட்பார்கள், மறுபடி சாயும். ஒரு வருஷம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். இப்போது அது வசதியாகத்தான் இருக்கிறது. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கிற அந்தத் தோட்டத்தில், வாசலில் இருக்கிற ஆளிடம் வழி கேட்டால் அவர் தலை நிமிராமலே சொல்கிறார்: நேரே போங்க, சாஞ்ச கல்லு வரும், உங்க ஆளு அதுலருந்து மூணாவது.