லென்டிஸ்கோ

லிங்கராஜபுரத்தில் ஜூடித் தயாரித்த செண்ட்டுக்கு லென்டிஸ்கோ என்று பெயர். யுத்த காலத்தில் இத்தாலியக் கைதிகளின் ஆஸ்பத்திரியில் அவள் ஆயாவாக வேலை பார்த்தாள். ஒரு கைதி தன் ஊர்க் கடற்கரையில் வளரும் லென்டிஸ்கோ என்ற புதரைப் பற்றி ஓயாமல் பேசுவான். இலையைக் கசக்கினால் பச்சை வாசம், பட்டையைக் கீறினால் பிசின் என்பான். அந்தச் செடி வகையின் பிசின்தான் ரூமி மஸ்தகி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கிறது என்பது அவளுக்குப் பின்னால் தெரியவந்தது. அதை ஸ்பிரிட்டில் கரைத்து, ஆரஞ்சுத் தோல் எண்ணெயும் வெட்டிவேரும் சேர்த்து, பல தடவை கெடுத்து, கடைசியில் தான் பார்த்தேயிராத கடற்கரை ஒன்றை உண்டாக்கினாள். பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனில் நாலைந்து பெண்கள் அதைத் தவிர வேறெதையும் பூசிக்கொள்வதில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம் தங்கை பிரிஜெட் அவளிடம் ஓடி வந்தாள். லாரி மெக்கானிக்கான அவள் புருஷன் சூசைநாதன் ஸ்பேனரால் அடித்ததில் கன்னம் கறுத்து வீங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தங்கையும் பூசை முடிந்து வந்து ஸ்டவ்வில் கறி ஏற்றியிருந்தபோது அவன் கதவை உதைத்துத் திறந்தான்.

"அவளை அனுப்பு."

"அவ வரமாட்டா, சூசை. போயிடு."

"ஜாஸ்தி பேசாதே. கைதிக்குக் கழுவி விட்டவதானே நீ!"

செண்ட் சீசாக்கள் அடுக்கியிருந்த அலமாரியை அப்படியே இழுத்துக் கவிழ்த்தான். சீசாக்கள் நொறுங்கின. அந்தச் சின்ன அறையில் மூச்சு விட முடியாத அளவுக்கு வாசனை ஏறியது. பிரிஜெட்டின் கூந்தலைக் கையில் சுற்றிக்கொண்டு கண்ணாடித் துண்டுகளின் மேலேயே அவளை இழுத்தான். குறுக்கே வந்த ஜூடித்தின் வாயில் குத்தினான். ஒரு பல் உடைந்து நாக்கில் விழுந்தது. அதைத் துப்பிவிட்டு, ஸ்பிரிட்டில் மஸ்தகி ஊறிக்கொண்டிருந்த பெரிய ஜாடியைத் தூக்கி அவன் முகத்தில் வீசினாள்.

பிசின் கண்ணில் அப்பிக்கொள்ள, அவன் அலறியபடி பின்னால் தடுமாறி ஸ்டவ்வின் மேல் விழுந்தான்.

சட்டை குப்பென்று பற்றியது. முதலில் நீலமாக, பிறகு மஞ்சளாக. "யம்மா, யம்மா" என்று கத்திக்கொண்டு சுவரில் முட்டினான். ஜூடித் அசையவில்லை. எரியட்டும் என்றுதான் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனிப்பாகவே இருந்தது.

பிரிஜெட் வாசலில் கிடந்த கோணியைத் தொட்டியில் முக்கி எடுத்து வந்து அவன் மேல் போட்டு அழுத்தினாள். உருகிய பிசின் ஒட்டி அவள் கைகளும் வெந்தன. அணையும்வரை அவள் விடவில்லை.

"ஏண்டி? இவனையா காப்பாத்தறே?" என்று ஜூடித் கத்தினாள்.

"இவனையா? இவன் செத்தா உன்னைத் தூக்குல போடுவாங்கக்கா!"

போலீஸ்காரர்கள் கேட்டபோது பிரிஜெட் முந்திக்கொண்டு சொன்னாள். "அலமாரியை இழுத்துத் தள்ளி உடைச்சது அவருதான். ஸ்பிரிட்டு பத்திக்கிச்சு." அக்கம்பக்கத்தார் அவன் கதவை உதைத்ததைப் பார்த்திருந்தார்கள். கேஸ் அதோடு நின்றது.

லென்டிஸ்கோ கேட்டு வந்தவர்களை ஜூடித் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். மஸ்தகியை முகர்ந்தாலே கருகிய மாம்சம் நாறுகிறது என்றாள். பிறகு ஒரு தையல் கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுக்கப் போனாள்.

ஆஸ்பத்திரியில் சூசைநாதனின் ஒரு கண் போய்விட்டது. பிரிஜெட் ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்கப் போனாள். அவன் அழுதான்.

"நீதானே என்னைக் காப்பாத்தினே. வீட்டுக்கு வந்துடு பிரிஜெட்."

கட்டுப் போட்ட கைகளை அவள் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆனேக்கல்ல இருக்கிற உங்கம்மாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். அவங்க வந்து பாத்துக்குவாங்க" என்று சொல்லி எழுந்தாள். கையால் முடியாததால் வார்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு வெளியே போனாள்.