தொட்டியிலிருந்து இழுத்த கை

எல்லாரும் அவளைத் தோழி என்றுதான் கூப்பிட்டார்கள். நடித்த படங்களிலெல்லாம் கதாநாயகிக்குத் தோழியாகவே வந்ததில், பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. பல் மருத்துவரிடம் போனால்கூட, "அடுத்தது தோழியம்மா" என்றுதான் குரல் வரும். அவளும் எழுந்து போவாள். பல்லைக் காட்டப் பெயர் எதற்கு?

தொலைக்காட்சி நிலையத்தின் மேக்கப் அறையில் அன்றைக்கு அவள் உர்ரென்று உட்கார்ந்திருந்தாள். மகள் பின்னால் நின்று உடுப்பின் முதுகுக் கொக்கிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். தோழியின் இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. முதுகுக்குப் பின்னாலும் போகாது. முக்காலியில் ஏறி நின்று அம்மாவுக்குக் கொக்கி மாட்டத் தொடங்கிய குழந்தை, இப்போது தன் தலையும் நரைத்தபிறகு குனிந்து நின்று மாட்டுகிறாள்.

"மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வைம்மா. பழைய கதை பேசத்தானே கூப்பிட்டிருக்காங்க, பஞ்சாயத்துக்கா கூப்பிட்டாங்க?"

"எனக்குப் பஞ்சாயத்துதான். இன்னைக்கு அவ வாயால சொல்ல வச்சிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்."

"மைனா பெரியம்மா சொல்லலேன்னா?"

"ஏன் சொல்லமாட்டா? நான் இல்லேன்னா அன்னைக்கே போய்ச் சேர்ந்திருப்பா!"

"ஆமாம்மா" என்று மகள் அடுத்த கொக்கியை மாட்டினாள். அதுதான் தோழிக்குச் சுருக்கென்று தைத்தது. இந்தப் பெண் எப்போதும் "ஆமாம்மா, ஆமாம்மா" என்று தலையை ஆட்டுவாள். நம்பினாளா என்றால், அதுதான் தெரியாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படத்தில் வேறு மாதிரி அல்லவா இருக்கிறது!

நடந்தது இதுதான். படகுப் படம் என்று ஊரே சொல்லும் அந்தப் படத்தின் ஏரி, உண்மையில் ஸ்டுடியோவுக்குள் கட்டிய ஒரு சிமென்ட் தொட்டி. பின்னால் துணியில் வரைந்த வானம். கதாநாயகிக்கு மைனா என்று பட்டப்பெயர். வாய் ஓயாமல் பேசுவதால் செட்டில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்தது. மைனாவும் தோழியும் படகில் பாடிக்கொண்டே போக வேண்டும். மின்விசிறிக் காற்றில் மைனாவின் பாவாடை பறக்கிறது என்று உடுப்புக்காரர் அதன் ஓரத்தில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருந்தார். படகு கவிழ்ந்தது. தோழி எப்படியோ தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஈயம் கட்டிய மைனா நேரே அடிக்குப் போனாள்.

ஒரே ஒரு தடவை மேலே வந்தாள். தோழி கையை நீட்டினாள். விரல்கள் வழுக்கிவிட்டன. "கையை விடுடி, மணிக்கட்டைப் பிடி!" என்று கத்திக்கொண்டே எட்டிப் பற்றி இழுத்தாள். தோளுக்குள் டக்கென்று ஏதோ இடம் மாறியது. மாறினது மாறினதுதான். அடுத்த மாதம் அவளே கதாநாயகியாக, நாட்டியக்காரியாக நடிக்க இருந்த படம் ஒன்று இருந்தது. கையைத் தூக்க முடியாத நாட்டியக்காரியை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்த வேடம் வேறொருத்திக்குப் போயிற்று. மைனா தினம் பழக்கூடையோடு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா நான் இல்லடி" என்று அழுதாள். அப்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்புறம்தான் வந்தது வினை. படகு கவிழ்ந்த ஷாட் அருமையாக விழுந்திருக்கிறது என்று இயக்குநர் கதையையே மாற்றிவிட்டார். அடுத்த வாரம் தொட்டித் தண்ணீரை இடுப்பளவுக்கு இறக்கி, மைனாவை உட்கார்ந்து எழச் சொல்லி, கதாநாயகன் அவள் கையைப் பற்றி இழுப்பதுபோல எடுத்துச் சேர்த்தார். அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடுகிறது, ஓடுகிறது, இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதிவு அறையில் மூன்று நாற்காலி. நடுவில் மைனா. ஒரு பக்கம், எண்பதைத் தொட்டும் எல்லாரும் ஹீரோ என்றே கூப்பிடும் அந்தக் கதாநாயகர், காதில் கருவியோடு. மறுபக்கம் தோழி, விளக்கு வெளிச்சம் பாதிதான் விழுகிற மூலையில். பின்னால் சுவர் முழுக்க ஒரு படம். எது என்று கேட்கவா வேண்டும்? ஹீரோவின் கையும் மைனாவின் கையும் கோத்தபடி, தண்ணீர் சொட்டச் சொட்ட.

"பாத்தியா," என்றாள் தோழி, கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து. மகள் விரலை உதட்டில் வைத்தாள்.

தொகுப்பாளினி சின்னப் பெண், துறுதுறுவென்று இருந்தாள். "சினிமாவுக்கு முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?" என்று ஆரம்பித்தாள். ஹீரோ லாரி ஆபீசில் மூட்டைக்கு எடை போட்டாராம். "அப்பவே நான் தராசுமேல ஏறி நின்னு வசனம் பேசுவேன். முதலாளி என்னையும் எடை போட்டு அனுப்பிடுவேன்னு மிரட்டுவாரு." எல்லாரும் சிரித்தார்கள். மைனா பொத்தான் கடையில் நிறம் நிறமாகப் பொத்தான் பிரித்தாளாம். "இன்னைக்கும் யார் வந்தாலும் மூஞ்சிய அப்புறம்தான் பாப்பேன், முதல்ல பொத்தான்தான்." அதற்கும் சிரிப்பு.

தோழியின் முறை வந்தது. வீட்டில் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள். "நான் சினிமா கொட்டகையில டார்ச் அடிச்சு சீட்டு காட்டினேன். இருட்டுல எல்லாருக்கும் இடம் காட்டிட்டு, நான் மட்டும் ஓரமா நின்னுக்கிட்டு..."

"சூப்பர் மேடம்! அப்ப அந்தப் படகு சீனுக்குப் போலாமா?"

போனார்கள். மைனா கண்ணை மூடித் திறந்தாள். அடடா, என்ன சொன்னாள் என்கிறீர்கள்! படகு கவிழ்ந்ததும், ஈயப் பாவாடையும், மூச்சு முட்டியதும் எல்லாம் நிஜம். அதுவரை தோழிக்கே மயிர்க்கூச்செறிந்தது. "செத்தோம்னு நினைச்சேன். அப்ப ஒரு கை வந்துச்சு. யாரு கை? இதோ, இவரு கை."

"இல்ல," என்றாள் தோழி.

"கட்," என்றது ஒரு குரல்.

"இல்லடி மைனா! அது என் கை. இவரு அன்னைக்குத் தொட்டிப் பக்கமே வரல. மீசை ஒட்டிக்கிட்டு மேக்கப் ரூம்ல அண்ணாந்து உட்கார்ந்திருந்தாரு. பசை காயணும், அசையக்கூடாதுன்னுட்டாங்க."

ஹீரோ காதுக் கருவியைத் திருகினார். "என்னம்மா சொல்றீங்க? நான் இழுத்தேன். இப்பவும் மழை நாள்ல இந்த முழங்கை வலிக்கும்."

"உங்களுக்கு வலிக்குதா?" தோழிக்குக் குரல் கீச்சென்று போனது. "எனக்குத் தோளே போச்சு சார்!"

"ரெண்டு பேரும் இழுத்திருப்பீங்க," என்று தொகுப்பாளினி சமாதானம் பண்ணினாள். "மேடம், ரசிகர்களுக்கு இந்தச் சீன் மனப்பாடம். படத்துல இருக்கிற மாதிரியே இருந்தாத்தான் சந்தோஷப்படுவாங்க. இன்னொரு டேக் போலாம்."

இன்னொரு டேக் போனார்கள். இந்தத் தடவை மைனா இன்னும் அழகாகச் சொன்னாள். கையின் சூட்டையும் சேர்த்துக்கொண்டாள். தோழி வாயைத் திறப்பதற்குள் ஏசி உறுமி டேக்கைக் கெடுத்தது. மூன்றாவது டேக்குக்கு முன்னால் தொகுப்பாளினி தோழியின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

"மேடம், நீங்க ஒண்ணும் பேச வேணாம். அவங்க சொல்லும்போது ஆச்சரியமா பாத்துட்டு, கடைசில ஒரு சிரிப்பு. சிரிப்பு மட்டும் போதும்."

தோழிக்கு உள்ளே கொதித்தது. எத்தனை படம்! மைனாவுக்குக் காதல் வந்தால் ஆச்சரியமாகப் பார், கல்யாணம் என்றால் சிரி. தன் தோள் போன கதைக்கும் தானே பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்க வேண்டுமா? முடியாது என்று எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் விளக்கு எரிந்தது. "ரெடி" என்று குரல் வந்தது. பாழாய்ப்போன முகம், பழகின முகம். புருவம் தானாக ஏறியது. கண் விரிந்தது. உதடு அழகாக மலர்ந்தது.

"ஓகே! பிரமாதம் மேடம்! ஒரே டேக்ல!"

அந்தப் பாராட்டைக் கேட்டபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அதை எடுக்க அப்போது கேமரா ஓடவில்லை.

டீ வந்தது. ஹீரோவைப் பேரன் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டான். தோழி நாற்காலியை இழுத்து மைனாவுக்கு நேர் எதிரே போட்டுக்கொண்டாள்.

"மனசைத் தொட்டுச் சொல்லுடி. எதுக்காக இப்படிப் பொய் சொல்ற?"

மைனாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நான் உன்கிட்ட எதுக்குடி பொய் சொல்லணும்? ஒரே சவுரிய ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வச்சிக்கிட்டு நடிச்சவங்க நாம. எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிக்குது. அவரு குனியறாரு. கையை நீட்டறாரு. நான் அப்படியே தண்ணிய கிழிச்சிக்கிட்டு மேல வரேன், தலைமுடி முகத்துல ஒட்டியிருக்கு..."

"நிறுத்து. உன் முகத்துல முடி ஒட்டியிருந்ததை நீ எப்படிப் பாத்த?"

"பாத்தேனே."

"தண்ணிக்குள்ள இருந்தது நீ. வெளிய நின்னு உன்னைப் பாத்தது யாரு?"

மைனா டீயை ஊதினாள். யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். நெற்றி சுருங்கியதைப் பார்த்துத் தோழி நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். வந்துவிடும், இதோ வந்துவிடும்.

"நான்தான் பாத்தேன்," என்றாள் மைனா கடைசியில். "இது என்னடி வம்பா இருக்கு? நான் அங்கதானே இருந்தேன்!"

"நீ பாத்தது டிவிடி! உன் வீட்டு சோபால உட்கார்ந்து பாத்த!"

"உனக்கு அவருமேல பழைய பொறாமை."

"பொறாமையா! படுக்கைக்குப் பக்கத்துல வந்து அழுதியே, நான் இல்லேன்னா நீ இல்லேன்னு, அது?"

"உனக்கு உடம்பு முடியலேன்னு வந்தேன். வரக்கூடாதா? ஏன் முடியாம இருந்தன்னு இப்போ ஞாபகமில்ல. எதுலயோ விழுந்துட்ட."

எதிலோ விழுந்துவிட்டாளாம்! தோழி கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டாள். பொய் சொல்கிறவளிடம் சண்டை போடலாம். இவள் சத்தியமாக நம்பிக்கொண்டு, பாவம்போலத் தன்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, இவளை என்ன செய்வது?

உள்ளே விளக்குகளை அணைத்து ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்கள். மகள் வந்து, "வண்டிய வாசலுக்குக் கொண்டு வந்துட்டேன். பெரியம்மாவையும் இறக்கி விட்டுடலாம்மா" என்றாள். மூவரும் வெளியே வந்தார்கள்.

வாசற்படியைக் கழுவிவிட்டதில் வழவழவென்று இருந்தது. பிடிக்கக் கம்பியும் இல்லை. மைனாவுக்கு முழங்கால் சரியில்லை. தோழி ஒரு படி முன்னால் இறங்கி, கோபம் கோபமாகவே இடது கையை நீட்டினாள். முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மைனா அந்த உள்ளங்கையைப் பிடிக்கவில்லை. விரல்களைத் தாண்டி இடது மணிக்கட்டைக் கெட்டியாகப் பற்றினாள். தன் மணிக்கட்டையும் அவள் விரல்களுக்குள் திணித்தாள். இறங்கிய கனத்தில் தோழியின் தோள் உயிர் போகிறாற்போல வலித்தது.

"ஏண்டி இப்படிப் பிடிக்கற? கையைப் பிடியேன்."

"கை வழுக்கிடும்," என்றாள் மைனா, அடுத்த படியில் கண் வைத்தபடி. "மணிக்கட்டுதான் நிக்கும். நீதானே கத்தின, கையை விடுடி, மணிக்கட்டைப் பிடின்னு."

தோழி அப்படியே நின்றுவிட்டாள். "எப்போ?"

"எப்பவோ. நட, கால் நடுங்குது எனக்கு."

"எப்போடி கத்தினேன்? எங்க வச்சுக் கத்தினேன்? சொல்லு!"

"எனக்கென்ன தெரியும்? நீ எப்பப் பாத்தாலும் கத்திக்கிட்டுத்தானே இருப்ப."

"வா. உள்ள வா. இப்ப சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு." தோழி அவளைப் பிடித்த பிடி விடாமல் மேலே இழுத்தாள். மைனா ஒரு படி ஏறி, ஒரு படி சறுக்கி, "எதைச் சொல்லணும்? பைத்தியமாடி உனக்கு?" என்று அலறினாள். அதற்குள் தொகுப்பாளினி தோளில் பையோடு வெளியே வந்தாள். "பை மேடம், பை! சிரிப்பு சூப்பர்!" என்று கையை ஆட்டிவிட்டு அவர்களைத் தாண்டி ஓடினாள். காவலாளி கதவைச் சாத்தினார்.

மைனாவைப் பின் சீட்டில் உட்காரவைத்தார்கள். கதவு மூடுவதற்குள் அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்; தொகுப்பாளினியின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் நிறம் மாறி இருந்ததாம், யாரும் கவனிக்கவில்லையாம்.

முன் சீட்டில் தோழி சாலையைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றாள் மகள் மெதுவாக. "படியில அவங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"உனக்குக் கேட்டு என்னடி ஆகப்போகுது?"

இந்தத் தடவை மகள் தலையை ஆட்டவில்லை. அம்மாவின் இடது தோளைப் புதிதாகப் பார்ப்பவள்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் எட்டிச் சாய்ந்து, அந்தத் தோளுக்குப் பின்னால் தொங்கிய சீட் பெல்ட்டை இழுத்து, வலிக்காதபடி வளைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட்டாள்.

"கேமரா இருந்தப்ப சொல்லியிருக்கலாம் சனியன்," என்றாள் தோழி.

"யாரு?" என்றாள் மைனா பின்னாலிருந்து.