அவந்திஷாவைக் கூப்பிடாத ஐந்து வருஷம்

வினோதினியின் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அளத்துமேட்டு உப்பளத்தில் மழை பெய்யும். ஒரு முறை கூப்பிட்டால் நான்கு நிமிடம். அதட்டிக் கூப்பிட்டால் ஆறு. மழை உப்புப் பாத்திகளின் மேலும் அவற்றை ஒட்டிய கால்வாயின் மேலும் அதன் கரைகளின் மேலும்தான் விழும். சாலைக்கு இந்தப் பக்கம் கொடியில் கிடக்கும் துணி அது பாட்டுக்குக் காய்ந்துகொண்டிருக்கும். மரக்காணத்துக்குத் தெற்கே பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய இந்த ஊரில் அப்போது நாற்பது குடும்பங்கள் உப்பு வாரிப் பிழைத்துக்கொண்டிருந்தன. வெயிலில் விளைந்து நிற்கும் பாத்தியில் நான்கு நிமிட மழை விழுந்தால் போதும், உப்பு கரைந்துபோகும். மறுபடி தண்ணீர் கட்டி, மறுபடி காய்ந்து, மறுபடி உப்புப் பூக்கப் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளும் நாற்பது வீட்டுக்கும் வேலை கிடையாது. அதனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. எழுதலாம், எழுதினால் ஒன்றும் ஆகாது. கிராம அலுவலகத்தில் மூன்று காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டார்கள். பெயர் அவந்திஷா.

அளத்துமேட்டில் பெயருக்குப் பஞ்சம் வந்ததில்லை. முதலில் எல்லாம் சாமி பெயர்கள். பிள்ளை தங்காத வீட்டில் மட்டும் எமனுக்கு அருவருப்பு வரட்டும் என்று பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பம்மாள் என்றோ குப்புசாமி என்றோ வைப்பார்கள். அப்படி வைத்ததெல்லாம் எண்பது வயது வரை கல்லுக்குண்டாக இருந்தது. பிறகு மேடைப்பேச்சுக் காலம் வந்தது, வீட்டுக்கு ஒரு செந்தமிழ் பிறந்தான். பிறகு சினிமாக் காலம். படம் ஓடிய வருஷத்தைச் சொன்னால் பிள்ளையின் வயதைச் சொல்லிவிடலாம். அதற்குப் பிறகு திண்டிவனத்தில் ஒரு எண்கணித ஜோசியர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை இரண்டாகப் போட்டால் பையன் கலெக்டர் ஆவான் என்று சொல்ல, கலெக்டர் ஆகாத ஏழு பேர் இன்றும் அந்தக் கூடுதல் எழுத்தோடு உப்பு மூட்டை தூக்குகிறார்கள். கடைசியாக வந்தது டிவி தொடர். 2017இல் ஏழரை மணிக்கு ஓடிய ஒரு தொடரின் நாயகிக்குத்தான் அவந்திஷா என்று பெயர். அதற்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது, எழுதினவருக்கும் தெரிந்திருக்காது. தயாரிப்பாளர் செயற்கை மழை பெய்விக்கும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டார் போலிருக்கிறது, போட்ட முதலை எடுக்க வேண்டாமா? அவந்திஷாவைக் காதலன் கூப்பிட்டால் மழை பெய்தது. மாமியார் காபி கேட்டுக் கூப்பிட்டாலும் பெய்தது. ஊரே அதைக் கண்கொட்டாமல் பார்த்தது.

வினோதினி கோட்டக்குப்பத்தில் படித்தபோது ஒரே வகுப்பில் நான்கு வினோதினிகள் இருந்தார்கள். யாராவது கூப்பிட்டால் நான்கு பேரும் திரும்பி, மூன்று பேர் அசடு வழிவார்கள். அந்த மூன்றில் எப்போதும் இவள் ஒருத்தி. தன் மகளுக்கு மட்டும் வேறு யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும், ஒரு குரல் கொடுத்தால் அவள் ஒருத்திதான் திரும்ப வேண்டும் என்பது அவளுடைய ஆசை. வாழ்க்கையில் அவள் தனக்கென்று கேட்ட ஒரே பொருள் அது. கணவன் மணிவண்ணன் உப்பு வாருகிறவன். பெயரில் என்ன இருக்கிறது என்று தலையாட்டினான். 2018 மாசியில் பதினாறாம் நாள், வழக்கப்படி குழந்தையின் அத்தை அமராவதி, மடியில் போட்டுக்கொண்டு காதில் மூன்று முறை பெயரைச் சொன்னாள். உப்பளத்தில் மூன்று முறை மழை பெய்தது. மாசியில் மழையா என்று எல்லோரும் வெளியே ஓடினார்கள். முதல் வாரலுக்கு நின்ற உப்பு மொத்தமும் போயிற்று. அன்றைக்கு யாரும் இதையும் அதையும் முடிச்சுப் போடவில்லை. எட்டு நாள் கழித்து, பாத்தி மறுபடி பூக்கத் தொடங்கிய சமயத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் தடுப்பூசிக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மறுபடியும் மழை. ஒன்பது தடவை ஆன பிறகுதான் மேஸ்திரி சுப்ராயன், மழை பெய்த நேரத்தையும் குழந்தையைக் கொஞ்சிய நேரத்தையும் விசாரித்து ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

சுப்ராயன் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிட வேண்டும். நாற்பது குடும்பத்துக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற மனிதர் வேறு என்ன செய்வார்? அவர் மணிவண்ணன் வீட்டு வாசலில் நின்று, செருப்பைக் கூடக் கழற்றாமல், “ஏம்பா மணி, பேரை மாத்திடு. உன் கொழந்தைய யாரும் ஒண்ணும் சொல்லல, பேரைத்தான் சொல்றேன்” என்றார். மாற்றத் தயாராகத்தான் இருந்தார்கள். ஊர் கூடிக் குப்பைமேட்டில் குழந்தையைப் புரட்டி எடுத்தது. மூன்று பிடி தவிட்டைக் கொடுத்து வினோதினி தன் பிள்ளையைத் தானே வாங்கிக்கொண்டாள். குப்பம்மாள் என்று சொல்லத்தான் அமராவதி காதருகே குனிந்தாள். வாயைத் திறந்தால் பழைய பெயர்தான் வந்தது. மூன்று முறை குனிந்தாள், மூன்று முறையும் அதுதான் வந்தது, மூன்று முறையும் மழை. நான்காம் முறை அவளை யாரும் குனிய விடவில்லை. மற்றவர்கள் வைத்துப் பார்த்த பெயர்கள் ஒட்டவில்லை. சாயங்காலம் வைத்த பெயர் காலையில் யாருக்கும் நினைவிருக்காது.

பிரம்மதேசத்து விவசாயிகள் விஷயம் கேள்விப்பட்டு ஒரு வேனில் வந்து குழந்தையை இரண்டு நாள் இரவல் கேட்டார்கள். காய்கிற வயலில் மடியில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து பெயரைச் சொல்லிச் சொல்லி அவர்களுக்குத் தொண்டை கட்டியது. அங்கே ஒரு சொட்டு விழவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி அளத்துமேட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. அந்த வருஷ ஐப்பசியில், உப்பு வேலைதான் முடிந்துவிட்டதே, ஆசை தீரக் கூப்பிட்டுக்கொள் என்று சுப்ராயன் அனுமதி கொடுத்தார். வினோதினி ஒரே நாளில் ஒரு வருஷத்துக்கும் சேர்த்துக் கூப்பிட்டாள். எட்டு மாதக் குழந்தை ஒவ்வொரு தடவையும் பொக்கை வாயோடு திரும்பிச் சிரித்தது. ஏற்கனவே நிரம்பி நின்ற கால்வாய் கரையை உடைத்துக்கொண்டு வீடுகளுக்குள் வந்தது; நாற்பது குடும்பமும் நான்கு நாள் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டது. அதோடு மழைக்காலத்து அனுமதியும் போயிற்று.

அடுத்த வருஷம் வினோதினி குழந்தையைத் தூக்கிக்கொண்டு குயிலாப்பாளையத்துக்குப் போய், ஒரு விருந்தினர் விடுதியில் அறை துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரிலிருந்து விலகிப் போனால் பெயரும் விலகிவிடும் என்று நினைப்பு. மூன்றாம் நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குழந்தையின் காதில் ஒரே ஒரு முறை மெதுவாகச் சொன்னாள். குழாயை மூடுவதற்குள் போன் அடித்தது.

“சொன்னியா?” என்றான் மணிவண்ணன்.

“ஒரு தடவதாங்க. காதுலதான் சொன்னேன்.”

“இங்க நாளைக்கு வாரணும்னு இருந்துச்சு வினோ. எல்லாம் பால் மாதிரி கரைஞ்சி கெடக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வெளியில போறது?”

அவள் மாதச் சம்பளத்துக்குக் கூட நிற்காமல் திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. முதல் சில மாதம் நாக்கின் நுனிக்கு வந்துவிடும், உதட்டைக் கடித்துக்கொள்வாள். கீழ் உதட்டில் காய்ப்பு விழுந்தது. பிறகு பழகிப்போயிற்று. எதுவும் பழகிப்போகிறது, அதுதான் வயிற்றெரிச்சல். 2020இல் ஊரடங்கு வந்து தொடர் பாதியில் நின்றது. நாயகி ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடி நின்றவள்தான், அதற்குப் பிறகு அவளுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. தொடர் போனால் மழையும் போகும் என்று ஊர் நம்பியது. அமராவதி கொல்லைப்புறத்தில் நின்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மழை பெய்தது. அதற்குள் அந்தப் பெயர் பழசாகிவிட்டது, புதிதாகப் பிறந்தவர்களுக்கு வேறு தொடரிலிருந்து வேறு பெயர் வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

குழந்தையை எல்லோரும் பாப்பா என்றார்கள். ஊரில் நடக்கத் தெரிந்த பெண் குழந்தை எல்லாமே பாப்பாதான். அங்கன்வாடி டீச்சர் ஞானாம்பாள் மற்ற பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து வருகை போடுவாள். இவளை மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு டிக் அடிப்பாள். “பாப்பா, இங்க வா” என்று யாராவது கூப்பிட்டால் இவளும் எழுந்து ஓடுவாள். “நீ இல்ல, அந்தப் பாப்பா” என்பார்கள். நாளைக்கு ஐந்து தடவை இப்படி நடந்தால் எந்தக் குழந்தைக்குத்தான் புரியாது? நான்கு வயதில் அவள் பாப்பா என்ற சத்தத்துக்குத் திரும்புவதை நிறுத்திவிட்டாள். அவள் வர வேண்டும் என்றால் யாராவது போய்த் தோளைத் தொட வேண்டும். தொட்டால் உடனே வருவாள், நல்ல பிள்ளை. அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வினோதினிக்குத் தொடுவதற்குக் கை இருந்தது, அது போதும் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். ஆனால் சில மத்தியான வேளைகளில் உப்பு வாரிக்கொண்டிருக்கும்போது, மற்றப் பெண்கள் வரப்பில் நின்று தங்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஏலம் விடுவது மாதிரி கத்திக் கூப்பிடுவதைக் கேட்டால், அவளுக்கு அழுகை வந்துவிடும்.

உப்பளத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் ஒன்றைக் கற்றுக்கொடுப்பார்கள். மேலே ஒரு சொட்டு விழுந்தால் இருக்கிற இடத்திலிருந்து உப்புக் குவியலுக்கு ஓட வேண்டும். ஓலையோ தார்ப்பாயோ, கைக்குக் கிடைத்ததன் ஒரு முனையைப் பிடித்துக் குவியலை மூட வேண்டும். பெரியவர்கள் வரும் வரை காத்திருக்கக் கூடாது. எந்தப் பிள்ளை முதலில் போய் முனையைப் பிடிக்கிறதோ அதற்கு மேஸ்திரி கடலை மிட்டாய் கொடுப்பார். வினோதினியின் மகளுக்கு இது மற்ற எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

2023 சித்திரையில் உப்பு என்றுமில்லாத அளவு விளைந்தது. வாரிய உப்பைக் கால்வாயின் அக்கரையில், லாரி வரும் பாதையை ஒட்டி, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகக் குவித்திருந்தார்கள். கால்வாய்க்குக் குறுக்கே பனந்தண்டுப் பாலம் ஒன்று கிடந்தது. அன்று காலை அக்கரைப் பக்கம் அடிமண் சரிந்து பாலத்தின் முனை தொங்கிவிட்டது. மறுநாள் சரிசெய்யலாம் என்று ஆட்கள் தண்ணீரில் இறங்கி மார்பளவில் நடந்து கடந்தார்கள். மத்தியானம் மூன்றரை மணி இருக்கும். வினோதினி இக்கரையில், ஐம்பது அடி தள்ளி, பாத்திக்குள் நின்றிருந்தாள். நிமிர்ந்து பார்த்தபோது மகள் பாலத்தின் மேல் கால்வாசி தூரம் போயிருந்தாள். கையில் ஒரு தூக்குச்சட்டி. அக்கரையில் மூட்டை கட்டும் அப்பாவுக்கு மோர்.

“பாப்பா! ஏய் பாப்பா, நில்லு!” என்று வினோதினி கத்தினாள். வரப்பில் விளையாடிய நான்கு பாப்பாக்கள் திரும்பிப் பார்த்தன. இவள் திரும்பவில்லை. கூப்பிடுவது தன்னை இல்லை என்று அவளுக்குத்தான் தெரியுமே. வினோதினி சேற்றில் கால் புதைய ஓடினாள், தொடுகிற தூரம் இல்லை. மகள் பாதிப் பாலத்தை எட்டிவிட்டாள். அப்போதுதான் வினோதினி நான்கு வருஷமாகக் கடித்து வைத்திருந்த பெயரை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள். அந்தக் குரல் அக்கரை வரை கேட்டது. சுப்ராயன் மூட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

மழை பிடித்துக்கொண்டது. குழந்தை நின்றாள். பெயருக்கு நிற்கவில்லை, சொட்டுக்கு நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். அம்மா யாரையோ கூப்பிடுகிறாள், அது யாரோ, ஆனால் மழை வந்துவிட்டது. தூக்குச்சட்டியைப் பத்திரமாகத் தண்டின் மேல் வைத்துவிட்டு, முனையை முதலில் பிடிக்க, உப்புக் குவியலை நோக்கி ஓடினாள். வினோதினி மறுபடி மறுபடி கூப்பிட்டாள். ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் மழை வலுத்தது, வலுக்க வலுக்கக் குழந்தை வேகமாக ஓடினாள். மணிவண்ணன் அக்கரையிலிருந்து தண்ணீரில் குதித்தான். பாலத்தின் கடைசி மூன்று அடி நனைந்து வழுக்கிக் கிடந்தது. அன்றைக்கு நாற்பது நிமிடம் மழை பெய்து, கால்வாய் ஆள் மூழ்கும் அளவுக்குப் புரண்டு ஓடியது என்கிறார்கள். உப்புக் குவியலை மூட ஒருவரும் போகவில்லை. அது பாதிக்கு மேல் கரைந்து கால்வாயில் இறங்கியது. அந்த உப்புத் தண்ணீரில்தான் மறுநாள் காலை அவளை எடுத்தார்கள்.

மண்ணில் வைக்கும்போது பெயர் சொல்லி ஒரு பிடி போட வேண்டும் என்பது வழக்கம். சுப்ராயன்தான் முன்னால் வந்து, “அவந்திஷா, போய்ட்டு வாம்மா” என்று சொல்லி மண் போட்டார். அவருக்குப் பின்னால் நாற்பது குடும்பமும் ஒவ்வொருவராகச் சொல்லிப் போட்டது. உப்பளத்தில் பொழுது சாயும் வரை மழை நிற்கவில்லை.

ஆள் போய்விட்டால் பெயருக்கு மழை வராது என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. வினோதினி தினமும் மத்தியானம் மூன்றரைக்குக் கால்வாய்க் கரையில் வந்து நின்று மகளைக் கூப்பிடுகிறாள். சில நாள் இரண்டு தடவை, சில நாள் பத்து தடவை. கூப்பிட வேண்டாம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. பத்து நாளில் பூக்கும் உப்பு பூக்கவே இல்லை. இருபத்தாறு குடும்பங்கள் ஊரைவிட்டுப் போய், திருப்போரூர்ப் பக்கம் கட்டட வேலை செய்கின்றன. மிச்சமுள்ளவர்கள் வரப்பைத் தட்டிவிட்டு மழைத்தண்ணீரில் கோரை போட்டுப் பார்க்கிறார்கள். மண்ணில் உப்பு இருப்பதால் சரியாக வரவில்லை. மரக்காணம் கடைத்தெருவில் நிற்கும் வெளியூர்க்காரர்கள் தெற்கே ஒரே இடத்தில் தொங்கும் மேகத்தைக் காட்டி அது என்னவென்று கேட்பதுண்டு. அளத்துமேட்டில் ஒரு பொம்பளை பிள்ளையைக் கூப்பிடுகிறாள் என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் அடுத்த ஆளுக்குச் சாமான் கட்டுவார்.