சத்தமாக வாசிப்பவர் தாண்ட வேண்டிய பகுதிகள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் திறந்த கார் சங்கத்தின் தலைவர் அமவுரி மாத மடலுக்கு எழுதித் தரச் சொன்னார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: 'நின்று நின்று போனாலும் ஏன் விடமாட்டோம்?'

"ஒரு பக்கம் போதும் லிண்டால்வா. படிச்சா கண்ணு கலங்கணும். கொஞ்சம் பொய் சேந்தாலும் பரவாயில்ல."

ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். நான் காப்பீட்டு நிறுவனத்தில் கார் விபத்துகளை விசாரிப்பவள். மரம் தானாக வந்து மோதியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்களோடு காலம் தள்ளுகிறவள். யாராவது "காலை வணக்கம்" என்றால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

எங்கள் சங்கத்தார் வைத்திருக்கும் வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் சாவ் பாவுலோ பக்கம் செய்தது. முகம் மட்டும் அதற்கும் பல வருடம் முந்தைய இங்கிலீஷ் துரைமார் வண்டியின் முகம். முன்னால் பளபளவென்று ரேடியேட்டர் தெரியும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, வெறும் முகமூடி. எஞ்சின் பின்னால் ஒளிந்திருக்கிறது, ஊரெல்லாம் ஓடும் ஃபுஸ்கா காரின் அதே எஞ்சின். கூரை துணி. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். முகத்திலேயே பொய்யை வைத்துக்கொண்டு திரியும் வண்டி இது. இதன் சொந்தக்காரர்கள் உண்மை பேசுவார்கள் என்று நினைத்தது என் தப்பு.

சங்கத்தில் பலரையும் கேட்டேன். "காத்து" என்றார் ஒருவர். "சுதந்திரம்" என்றார் இன்னொருவர். காற்றுக்கு மின்விசிறி போதும். சுதந்திரம் என்றவர் அதைச் சொன்னபோது இழுவை லாரிக்காகச் சாலையோரம் காத்திருந்தார். ஒருவரையும் நம்பவில்லை. என்னையும்தான். என் வண்டியின் மேல் ஒரு கரும்பு லாரி பின்புறமாக ஏறிவிட்டது. அப்பாடா, தொல்லை விட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, மறு வாரமே இன்னொன்று தேட ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "மலைச்சாலையில் காற்று அவள் நீண்ட கூந்தலை..." (என் முடி காதுவரைகூட இல்லை. அடித்தாயிற்று.)

இரண்டாவது: "பழைய காரும் காதலும் ஒன்றுதான், இரண்டிலும்..." (இரண்டிலும் என்ன? யோசித்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.)

மூன்றாவது: "எவால்டோ ஒரு பொய்யர்." இது எனக்குப் பிடித்தது. இதைப் பிடித்துக்கொண்டே போனேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

[சத்தமாக வாசிப்பவருக்கு: மூன்றாவது தொடக்கத்தை விட்டுவிடவும். காரணம் பிறகு தெரியும்.]

3

எவால்டோ என்பது அவருடைய நிஜப் பெயர் இல்லை. மலை மேலிருக்கும் அவர் ஊர் செர்ரா நேக்ராவும் இல்லை. வண்டி பச்சை (இல்லை, கருஞ்சிவப்பு, சரி, வெண்ணெய் நிறமே இருக்கட்டும், பாதிச் சங்கம் வெண்ணெய் நிறம்தான்). எழுபது தாண்டியவர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். அடிக்கடி நின்றுபோகிறது, அலுத்துவிட்டது என்று வண்டியை விற்க விளம்பரம் கொடுத்திருந்தார். நான் வாங்கப் போனேன். கிளம்பவில்லை. அடுத்த ஞாயிறும் போனேன். கிளம்பவில்லை. எனக்கு முன்னால் வந்து பார்த்தவருக்கும் கிளம்பவில்லையாம். விளம்பரம் கொடுப்பானேன், ஆள் வந்தால் வண்டியை முடக்குவானேன்? விற்க மனமில்லாத மனிதர் நாடகம் போடுகிறார் என்று முடிவுகட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க மூன்றாம் முறையும் மலையேறினேன்.

"வா லிண்டால்வா, வா. இன்னைக்கும் கிளம்பலேன்னா நானே இதைத் தள்ளிட்டுப் போய் ஆத்துல விட்டுடுறேன்" என்றார்.

"தள்ளுறதுக்கு ஆளு? போன வாரம் தள்ளினதுக்கே எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அவர் மனைவி ஜூலெய்கா. "யோவ், வந்தவ தலையில கட்டி அனுப்புய்யா அந்தத் தகரத்தை."

"தகரம் இல்லடி, ஃபைபர்."

"அதான் வயித்தெரிச்சல். துருப்புடிச்சாவது ஒழியும்னு பாத்தா அதுக்கும் வழியில்ல."

[சத்தமாக வாசிப்பவர் இங்கிருந்து நேராக ஏழாம் பகுதிக்குப் போகவும். மற்றவர்கள் என்னோடு வரலாம்.]

"எவ்ளோ ஓடியிருக்குண்ணே?"

குனிந்து மீட்டரைப் பார்த்தார். "அறுபத்தோராயிரம்" என்றார்.

மீட்டரில் எண்பத்தோராயிரம். இருபதாயிரம் கிலோமீட்டரை வலிக்காமல் பிடுங்கிவிட்டார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். பொய்யர் என்ற சொல்லுக்கு அடியில் இன்னொரு கோடு போட்டேன்.

4

இங்கேதான் என் கதாபாத்திரம் என்னை ஏமாற்றியது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு எஞ்சினுக்குள் தலையை விட்டவரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நாடகம் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள். இவர் என்னை மறந்தே போய்விட்டார்.

"அந்த ஸ்பேனரை எடும்மா."

அவருக்கு முன்னால், விரித்திருந்த வெள்ளைத் துணியில், அவர் கைக்கு நேராக அதை வைத்தேன். கை துணியின் மேல் தடவிக்கொண்டே போனது. ஸ்பேனரைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. விரல் இடறிய பிறகுதான் எடுத்தார்.

மீட்டரையும் அவர் படிக்கவில்லை. எப்போதோ படித்தது ஞாபகத்தில் இருந்தது, அதைச் சொன்னார். பொய்யர் என்ற சொல்லை அடிக்கத் தோன்றியது. ஆனால் அவர் பொய்தான் சொல்லிக்கொண்டிருந்தார், வேறு விஷயத்தில்.

டார்ச் அடித்து நானே பார்த்தேன். ரோட்டார் என்று ஒரு சாமான் உண்டு, கட்டைவிரல் நுனி அளவு. எஞ்சினின் ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதன் மேல்மூடி நேற்று வாங்கியதுபோல் இருந்தது. உள்ளே இருந்த ரோட்டார் கிழடு. அதில் மயிரிழையாய் ஒரு விரிசல், விரிசலில் கரி. இதை வைத்துக்கொண்டு வண்டி தெருமுனைகூடத் தாண்டாது. நல்லதை எடுத்துவிட்டு யாரோ இதை மாட்டியிருக்கிறார்கள்.

'யாரோ' என்று எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

5

கை கழுவ வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனேன். ஜூலெய்கா மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மாவு அப்பிய கட்டைவிரல் நகத்துக்கடியில் கறுப்பாக ஒரு கோடு.

"அக்கா, மாவு பிசையிற கையில கிரீஸ் எப்படி?"

போய்க் கதவைச் சாத்தினார். மாவு டப்பாவுக்குள் முழங்கைவரை கையை விட்டு எதையோ எடுத்து, ஊதி, என் முன்னால் வைத்தார். நல்ல ரோட்டார்.

"எடுத்துக்க. மாட்டினா சாவி திருப்பினதும் கிளம்பும். போலீஸ்காரி மாதிரி முழிக்காத."

"நீங்கதானேக்கா வித்துடு வித்துடுன்னு..."

"விக்காதேன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. என்னத்தச் சொல்ல?"

"கண்ணு விஷயம் உங்ககிட்ட சொல்லிட்டாரா?"

"எங்கிட்டயா? கண்ணாடிய எங்கயோ வச்சிட்டேம்பாரு. நானும் தேடுற மாதிரி தேடுவேன். உங்க சங்கத்து மடலைக்கூட நான்தான் சத்தமா வாசிச்சுக் காட்டுறேன். தனியா டாக்டர்கிட்ட போய்ட்டு வந்திருக்காரு. சட்டையத் துவைக்கிறப்ப சொட்டு மருந்து கெடச்சுது. போன மாசம் வளைவுல ஒரு சைக்கிள்காரன் தப்பிச்சதே பெரிய விஷயம். மறுநாளே விளம்பரம் குடுத்துட்டாரு. நின்னு நின்னு போகுதாம், அலுத்துப்போச்சாம்! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நிக்குது, இப்பத்தான் அலுத்துச்சாம்."

"அப்ப விக்கட்டுமேக்கா. நல்லதுதானே?"

ஜூலெய்கா ஒரு உருண்டையைப் பிடித்துத் தட்டில் வைத்தார். அது சரியாக வரவில்லை. மறுபடி எடுத்துப் பிசைந்தார்.

"ஓடினா, ஆள் வர்ற வரைக்கும் ஒரே ஒரு சுத்துன்னு எடுத்துட்டுப் போயிடுவாரு. வித்தா உக்காந்துடுவாரு, அப்புறம் எந்திரிக்க மாட்டாரு. இப்படி நின்னுச்சுன்னா, காலையில எந்திரிச்சு நேரா அதுகிட்ட போறாரு. என்னமோ தடவுறாரு, திட்டுறாரு, பாடுறாரு. எனக்கு அது போதும்டி."

அமவுரி கேட்ட கேள்விக்கு நான் நம்பிய ஒரே பதில் இதுதான். எனக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ பொய்களை விசாரித்திருக்கிறேன். எனக்காக யாரும் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. அந்த வண்டியும் எனக்கு வேண்டும். அதையும் மறைப்பதற்கில்லை. ரோட்டாரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

6

முடிவு அ: நல்லதை மாட்டுகிறேன். வண்டி கிளம்புகிறது. வாங்கிக்கொண்டு மலையிறங்குகிறேன். பின்கண்ணாடியில் எவால்டோ கையசைக்கிறார், நான் போகாத பக்கம் பார்த்து. (எழுதியதும் பேனாவை மூடிவிட்டு எழுந்து போய்விட்டேன்.)

முடிவு ஆ: உண்மையைப் போட்டு உடைக்கிறேன். இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். (அமவுரிக்குப் பிடிக்கும். நான் நம்பவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கட்டிய பொய்யை உடைத்தவளை எந்த வீட்டில் காபி கொடுத்து அனுப்புவார்கள்?)

முடிவு இ: ஜூலெய்கா ஓட்டக் கற்றுக்கொள்கிறார். பக்கத்தில் எவால்டோ... (கேட்டே பார்த்தேன். "அந்தச் சனியனையா? நானா?" என்றார். அந்த வாக்கியம் அப்படியே நிற்கிறது.)

7

ஆக, அன்றைக்கும் வண்டி கிளம்பவில்லை. என்ன கோளாறு என்று கடைசிவரை தெரியவில்லை. சுடச்சுட உருண்டைகளைத் தின்றோம், காபி குடித்தோம். நான் வாங்காமலே பஸ் ஏறினேன். இந்த வண்டிகளே இப்படித்தான். சங்கத்தாருக்கு என் வணக்கம்.

[சத்தமாக வாசிப்பவர் இங்கே மடலை மூடிவிடலாம்.]

8

மூடவில்லையா? நீங்கள் மூடமாட்டீர்கள் என்று எனக்குச் சந்தேகம் இருந்தது.

பெயரையும் ஊரையும் மாற்றியிருக்கிறேன். எங்கள் சங்கத்தில் பாதிப்பேர் எழுபது தாண்டியவர்கள், யார் வீட்டிலும் யாராவது கண்ணாடியைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். உங்களைத் தவிர யாருக்கும் இது யாரென்று தெரியாது, அக்கா. ஒன்றை மட்டும் உங்களிடம் நான் சொல்லாமல் வந்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து திரும்பியபோது கொட்டகை வாசலில் நின்றேன். நான் வந்தது அவருக்குத் தெரியாது. விரிசல் விட்ட ரோட்டாரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கட்டைவிரல் நகத்தால் அந்த விரிசலை மெதுவாக வருடினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், மறுபடி அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். காலமெல்லாம் பல்லில் விரிசல் தேடிய கை அது. பிறகு ரோட்டாரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். அதில் மாவு வாசனை இருந்திருக்க வேண்டும். சிரித்தார். எடுத்த இடத்திலேயே பத்திரமாக மாட்டினார்.

நான் தொண்டையைச் செருமினேன்.

"வந்துட்டியா? ரோட்டாரைப் பாத்துட்டேன், அது நல்லாத்தான் இருக்கு" என்றார். "வேற எங்கயோதான் கோளாறு. நிதானமாத் தேடணும். அவசரமில்ல, என்ன?"

"அவசரமே இல்லண்ணே" என்றேன்.

நல்ல ரோட்டாரைப் போகும்போது மாவு டப்பாவிலேயே போட்டுவிட்டு வந்தேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இதற்கு மேல் முடிவு என் கையில் இல்லை. இதுவரை மனசுக்குள்ளேயே வாசித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் இந்நேரம் கேட்டிருப்பார்:

"என்னடி, சத்தத்தையே காணோம்? வண்டிக்கு என்ன கோளாறாம்?"