பிளக்ஸுக்கு ஒரு படம்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டுடியோ வைத்திருக்கிற வெற்றிச்செல்வி எல்லா வேலைக்கும் ஒண்டிதான். படம் எடுப்பது அவள், பிரேம் போடுவது அவள், பொழுது சாய்ந்தால் ஷட்டரை இழுத்துப் பூட்டுவதும் அவள். கேமராவைக் கண்டதும் விறைத்துப்போகிற சனங்களை இளகவைக்க அவளிடம் ஒரு கேள்வி உண்டு. "வூட்ல யாரு யாரு இருக்காங்க?" அவ்வளவுதான். பேரன் பண்ணும் சேட்டை, மருமகள் வைக்கும் குழம்பு என்று பேச்சு கிளம்பும், தோள் தானாக இறங்கும், அந்த நேரம் பார்த்து அமுக்கிவிடுவாள்.

அன்று மத்தியானம் வேப்பந்தட்டையிலிருந்து அம்சவள்ளி வந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு, களை வெட்டிக் காய்த்த கை, மடிப்புக் கலையாத புதுச்சேலை.

"பாப்பா, நான் செத்தா பிளக்ஸ் வைப்பாங்கல்ல, அதுக்கு ஒரு போட்டா வேணும்."

வெற்றிச்செல்விக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா இப்புடிச் சொல்றீங்க?"

"பின்ன? எங்க வூட்டுக்காரரு போனப்ப ஓட்டு கார்டு படத்தப் பெருசாக்கி வச்சுட்டானுவ. களவாணியப் புடிச்சு நிறுத்துன மாதிரி முக்குல முழிச்சுக்கிட்டு நின்னாரு மனுசன். போறவன் வாறவனெல்லாம் சிரிச்சான். எனக்கு அந்தக் கதி வேணாம்."

லைட்டைப் போட்டதும் அம்சவள்ளி ஆதாருக்கு உட்கார்ந்தவள் போல ஆகிவிட்டாள். தாடை தூக்கிக்கொண்டது, கண் நிலைகுத்தியது. வெற்றிச்செல்வி வழக்கம்போலக் கேட்டாள்.

"வூட்ல யாரு யாரும்மா இருக்காங்க?"

"யாருமில்ல."

கதவைச் சாத்தினாற்போல அந்த முகம் மூடிக்கொண்டது. வெற்றிச்செல்வி நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆடு மாடு உண்டா என்றாள். வித்தாச்சு. மழை பெய்ததா என்றாள். இல்லை. எடுத்த படங்களெல்லாம் ஒன்றுபோல இருந்தன.

அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். "அவரு பக்கத்துலயே நிக்கலாம். ஜோடிக் களவாணி" என்று சிரிக்கப் பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வுடு பாப்பா. என் மூஞ்சி அம்புட்டுதான்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள் மேசைமேல் திறக்காமல் கிடந்த டிபன் பாக்ஸைப் பார்த்தாள்.

"இன்னும் சாப்புடலயா?"

"ஒண்டியா சாப்புட என்னமோ மாதிரி இருக்கும்மா. பெறவு பாத்துக்கலாம்னு வுட்ருவேன்."

அம்சவள்ளி மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஏன், உன் வூட்ல யாரு இருக்கா?"

ஊரையெல்லாம் கேட்டவளை அதுவரை ஒருத்தரும் திருப்பிக் கேட்டதில்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னாள். "அண்ணன் அரியலூர்ல இருக்காரு. பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவாரு. மத்தபடி..."

"அட என் தங்கமே" என்று அம்சவள்ளி முன்னால் சாய்ந்தாள். அவளுக்குக் கேமராவும் நினைவில்லை, லைட்டும் நினைவில்லை. வெற்றிச்செல்வியின் விரல் பழக்கத்தில் அமுக்கிவிட்டது.

படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள் அம்சவள்ளி. "நல்லாத்தான் இருக்கா. யாரப் பாத்து இப்புடி உருகுறா?"

"என்னையத்தாம்மா. பிரேம் போட்டுத் தரேன், கொண்டு போங்க."

"அங்க கொண்டுபோயி யாருக்குக் காட்ட? நாளைக்குப் பொட்டியத் தொறந்து தேடக்கூட ஆளில்ல. நீயே வச்சிரு. தெருவுல ஒன் கட பேரச் சொல்லி வைக்கிறேன். நான் போன அன்னிக்கு எவனாச்சும் வந்து கேப்பான், குடு."

வெற்றிச்செல்வி சாப்பிட்டு முடிக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அம்சவள்ளி பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

படம் இப்போது கல்லாவுக்கு மேலே சுவரில் இருக்கிறது. கடைக்குள் நுழைகிற யாராவது வேப்பந்தட்டையிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டால் போதும், பாஸ்போர்ட் சைஸ் வேண்டும் என்று அவர்கள் வாயால் வரும்வரை வெற்றிச்செல்விக்கு மூச்சு வருவதில்லை.